நாக்கில் வெள்ளை, பல்லில் கறுப்பு

கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை படிந்தால் நம் வீடுகளில் அதற்கு ஒரு பெயர் உண்டு: அக்கரம். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். (தடவாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, வெங்காரம் எந்த வயதிலும் ஆகாது.) பிறந்த சில வாரங்களில் வரும் அக்கரம் பெரும்பாலும் தானாகவோ சொட்டு மருந்திலோ போய்விடும். போகாமல் நீடித்தாலோ, போய்ப்போய்த் திரும்பி வந்தாலோ மருத்துவரின் யோசனை வேறு பக்கம் திரும்பும். எச்.ஐ.வி. தொற்றை உலக சுகாதார நிறுவனம், நோய் முற்ற முற்ற ஏறும் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. தொற்றுள்ள ஒரு குழந்தைக்குப் பிறந்து 6 முதல் 8 வாரங்களுக்குப் பிறகும் அக்கரம் விடாமல் இருந்தால், அந்த ஒன்றே போதும், அது மூன்றாம் நிலை.

எய்ட்ஸ் என்ற பெயர் பிறக்கும் முன்பே வாய் பேசத் தொடங்கிவிட்டது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் வெளியான முதல் அறிக்கை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஐந்து இளைஞர்களைப் பற்றியது. நுரையீரல் தொற்றுதான் அதன் முக்கியச் செய்தி. ஆனால் ஐந்து பேருக்குமே இந்தப் பூஞ்சைத் தொற்றும் இருந்ததை அறிக்கை குறித்து வைத்திருக்கிறது.

பூஞ்சையின் பெயர் கேண்டிடா. நம்மில் பலருடைய வாயில் அது இப்போதும் இருக்கிறது, வாடகை தராவிட்டாலும் வம்புக்கு வராத குடித்தனக்காரர் மாதிரி. உருண்டை வடிவில் இருக்கும்வரை தொந்தரவில்லை. காவல் தளர்ந்ததும் நூல் நூலாக நீண்டு வாயின் மேல்தோலுக்குள் இறங்கும். இறங்கும்போது கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரந்து செல்களில் ஓட்டை போடும். இந்த நச்சு இருப்பதே 2016-இல்தான் தெரியவந்தது. பூஞ்சை நூல்கள், உதிர்ந்த தோல், உணவுத் துணுக்கு எல்லாம் பின்னிய பாய்தான் நாம் பார்க்கும் வெள்ளை. ஈரமான காஸ் துணியை விரலில் சுற்றி மெல்ல வழித்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடியில் செக்கச்செவேலென்று, சில சமயம் ரத்தம் கசிய, தோல் தெரியும். வெறும் பால் படிவென்றால் அடியில் வழக்கமான நாக்குதான் இருக்கும்.

அந்தக் காவலை யார் செய்கிறார்கள்? எச்.ஐ.வி. குறிவைக்கும் சி.டி.4 என்ற வெள்ளையணுக்களில் டி.எச்.17 என்றொரு பிரிவு உண்டு. வாயிலும் குடலிலும் ஈரத்தோலைக் காப்பது இவற்றின் வேலை. இவை இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் பொருளை வெளியிட, தோல் செல்கள் பூஞ்சையைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களையும் கூப்பிட்டுக்கொள்கின்றன. வைரஸ் முந்தி அழிப்பவற்றில் இந்த டி.எச்.17 செல்களும் உண்டு. கூப்பிட ஆளில்லாத இடத்தில் கேண்டிடாவுக்குக் கொண்டாட்டம். பிறவியிலேயே இன்டர்லூகின்-17 பாதை பழுதான சிலருக்கு எச்.ஐ.வி. இல்லாமலே வாயில் ஓயாத பூஞ்சை வருவது இதற்கு நல்ல சான்று. அவர்களிடமும் சரி, எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடமும் சரி, பூஞ்சை ரத்தத்துக்குள் புகுவது அரிது, ஏனென்றால் அங்கே காவல் நேரடியாக நியூட்ரோஃபில்களின் கையில். ஆனால் உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அப்போது குழந்தை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பும், விழுங்கினால் அழும். அது நான்காம் நிலை.

கன்னம் வேறொரு கதை சொல்லும். காதுக்கு முன்னால் இரு பக்கமும் வீங்கியிருந்தால் பொன்னுக்கு வீங்கி என்றுதான் முதலில் நினைப்போம். பொன்னுக்கு வீங்கி வலிக்கும், பத்து நாளில் வடியும். எச்.ஐ.வி.யால் வரும் வீக்கம் பெரும்பாலும் வலிக்காது, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் சி.டி.8 என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் கூட்டமாகப் போய் உட்கார்ந்துகொள்வதே காரணம். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது அதிகம். பார்க்கப் பயமாக இருக்கும் இந்த வீக்கம், மருந்து கிடைக்காத காலத்து ஆய்வுகளில், நோய் மெதுவாக நகரும் குழந்தைகளிடமே கூடுதலாகக் காணப்பட்டது. அக்கரம் வந்த குழந்தைகளிடம் நோய் வேகமாக முற்றியது. உடல் இன்னும் முழுமூச்சாகச் சண்டை போடுவதன் அடையாளம் அந்தக் கன்னம் என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு இது ஆறுதலாகாது என்பது வேறு விஷயம். வீங்கிய சுரப்பியில் உமிழ்நீர் குறையலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பல்லுக்கு வரும்போது அது தேவைப்படும்.

ஈறு ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்ததுபோல ஒரு பட்டை வருவதும் உண்டு. பல் தேய்ப்பது போதாது என்று திட்டு வாங்கித் தருவது அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கால் வந்ததல்ல.

இனி பல். இங்கே குற்றவாளி வைரஸ் மட்டுமல்ல.

இரவு 9 மணி. தூங்கி வழியும் குழந்தையை மடியில் சாய்த்து, அம்மா சிரிஞ்சில் சிரப்பை இழுத்துக் கன்னத்தின் உள்பக்கமாக விடுகிறாள். குழந்தை முகம் சுளித்து விழுங்குகிறது, தூங்கிவிடுகிறது. இனி எழுப்பித் தண்ணீர் கொடுக்க யாருக்கு மனம் வரும்? எச்.ஐ.வி. மருந்துகள் பலவும் கசப்பு. கசப்பை மறைக்கச் சர்க்கரை. லாமிவுடின் திரவ மருந்தின் ஆதி வடிவத்தில் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் சர்க்கரை. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 4 மி.லி., அதாவது முக்கால் கிராமுக்கு மேல் சர்க்கரை, தினம் இரண்டு வேளை, ஆண்டுக்கணக்கில். இது ஒரு பாட்டிலின் கணக்குதான். பக்கத்தில் இன்னும் இரண்டு எச்.ஐ.வி. மருந்து, நிமோனியா வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் என்று பாட்டில்கள் வரிசை கட்டும். லோபினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் திரவத்தில் 42.4 சதவீதம் ஆல்கஹால், ஏறத்தாழ மதுக்கடை பிராந்தியின் காட்டம். அதைக் கொடுத்தபின் வாயில் வெல்லமோ சாக்லேட்டோ வைக்காத தாய் இருப்பாளா?

தூங்கும் குழந்தையின் வாயில் அடுத்து நடப்பது சுத்தமான வேதியியல். பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அமில அளவான பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பகலில் என்றால் உமிழ்நீர் வந்து அமிலத்தை முறித்து, கரைந்த தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பியும் வைக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுபோகிறது. சுரப்பியே வீங்கிக் கிடந்தால் பகல் உதவியும் குறைவு. பால் பல்லின் எனாமல் நிலையான பல்லினதில் பாதி தடிமன்தான். சொத்தை முதலில் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடாகத் தெரியும். பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு, கடைசியில் வேர்க்கட்டை. கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பிக்கும், நாக்கு மூடிக்கொள்வதால்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் உண்டு. அக்கரத்துக்குத் தரும் நிஸ்டாடின் திரவத்தைச் சட்டென்று விழுங்கக்கூடாது. வாயில் நிறுத்திச் சுழற்ற வேண்டும், தினம் நான்கு தடவை. அதிலும் பல தயாரிப்புகளில் சர்க்கரை நிறைய. நாக்கின் வெள்ளையைப் போக்கும் மருந்தே பல்லைக் கறுப்பாக்கும்.

இதற்காகச் சிரப்பை நிறுத்துவது பற்றி யோசிக்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், தொற்றுள்ள சிசுக்களுக்கு அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருந்து தொடங்கியதில் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மருந்து வந்தபின் அக்கரம் வெகுவாகக் குறைந்தது, சொத்தைப் பல்தான் மீதி நின்றது. செய்ய வேண்டியதெல்லாம் வரிசையை மாற்றுவது: மருந்து முதலில், ஒரு மடக்குத் தண்ணீர் அடுத்து, ஃப்ளோரைடு பற்பசை கடைசியில், அதுவும் அரிசியளவு. முதல் பல் முளைத்ததுமே பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

அங்கேதான் சிலருக்குக் கதவு சாத்தப்படுகிறது. உமிழ்நீர் வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை, வைரஸை முடக்கும் புரதங்கள் அதிலேயே இருக்கின்றன. எல்லா நோயாளிக்கும் போடும் கையுறையும் எல்லாக் கருவிக்கும் செய்யும் அழுத்த நீராவிச் சுத்திகரிப்பும் இவர்களுக்கும் போதும், தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதற்குத் தடை உண்டு.

மருந்தும் மாறிக்கொண்டிருக்கிறது. 2020-இல் குழந்தைகளுக்கான டோலுடெக்ராவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 5 மில்லிகிராம், கரண்டித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கரைந்துவிடும், ஸ்டிராபெரி வாசம். அதே ஆண்டின் இறுதியில், ஏழை நாடுகளுக்கான அதன் பொதுப்பெயர் வடிவம் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 40 டாலருக்கும் குறைவு என்று அறிவிக்கப்பட்டது. முதலில் வந்த மாத்திரையில் இனிப்புக்காகச் சேர்த்திருப்பது சுக்ரலோஸ். நாக்குக்கு அது இனிப்பு, பல்லில் ஒட்டிய பாக்டீரியாவுக்கோ அதைத் தின்னத் தெரியாது. கோட்ரைமாக்சசோல் பாட்டில் மட்டும் பல வீடுகளில் இன்னும் அதே அலமாரியில் இருக்கிறது. அதற்கும் குழந்தைகளுக்கான சிறு மாத்திரை உண்டு. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.