பயிர் மானியம்: ஒரு சொல்லும் அதன் பொருளும்

அமெரிக்காவில் மக்காச்சோளமும் கோதுமையும் பயிரிடும் உழவர்களுக்கு அரசு வழங்கும் பணத்தைத் தமிழில் ‘மானியம்’ என்கிறோம்; ‘நிவாரணம்’, ‘இழப்பீடு’ என்று எழுதுவோரும் உண்டு. இம்மூன்றும் ஒன்றல்ல.

மானியம் என்பது மதிப்புக்குரியது என்னும் பொருளுடைய ‘மான்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலமே முன்பு மானியம் எனப்பட்டது. சோழர் கல்வெட்டுகள் வரி நீக்கப்பட்ட நிலத்தை ‘இறையிலி’ என்கின்றன. அரசு கையிலிருந்து பணம் கொடுக்கவில்லை, வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்தது. பிற்காலத்தில் அரசு ஒதுக்கும் நிதிக்கும் இச்சொல் வழங்கியதால்தான் பல்கலைக்கழக மானியக் குழு, சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கை ஆகிய பெயர்கள் அமைந்தன.

‘சப்சிடி’ என்பதன் மூலமான இலத்தீன் ‘சப்சிடியம்’, போர்க்களத்தில் பின்னே நிறுத்தப்பட்ட துணைப்படையைக் குறித்துப் பின்னர் உதவி என்று விரிந்தது. இங்கிலாந்திலோ நாடாளுமன்றம் மன்னருக்கு அளிக்க இசைந்த வரிக்கே இப்பெயர் இருந்தது. குடிகளிடமிருந்து அரசுக்குச் சென்ற பணத்தின் பெயர், இன்று அரசிடமிருந்து குடிகளுக்கு வரும் பணத்தைக் குறிக்கிறது.

அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டின் வேளாண் சட்டம், விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்திருந்த காலத்தில், சாகுபடிப் பரப்பைக் குறைக்க இசைந்த உழவர்களுக்குப் பணம் தந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இரு வழிகளை வகுத்தது. முதல் வழியில், சட்டம் குறித்த விலைக்குக் கீழே நாட்டின் சராசரி விலை இறங்கினால் அந்த வேறுபாடு கணக்கிடப்படும்: மக்காச்சோளத்துக்குப் புஷல் என்னும் தானிய அளவு ஒன்றுக்கு 3.70 டாலர் குறிக்கப்பட்டிருக்க, 2016ஆம் ஆண்டு விளைச்சலுக்குச் சராசரியாக 3.36 டாலரே கிடைத்ததால் வேறுபாடு 34 சென்ட் ஆயிற்று. அதுவும் இன்று வயலில் நிற்கும் பயிருக்கு அன்று. அந்த நிலத்துக்குப் பழைய சாகுபடிக் கணக்கின்படி பதிவாகியுள்ள ‘அடிப்படை ஏக்கரில்’ 85 விழுக்காட்டுக்கு மட்டுமே. மக்காச்சோளத்துக்குப் பதிவான நிலத்தில் சோயா விதைத்தவருக்கும் மக்காச்சோளக் கணக்கிலேயே பணம் வரும்.

இரண்டாம் வழி பொதுவாகக் கவுண்டி எனப்படும் ஆட்சிப் பகுதியின் சராசரி வருவாயைப் பார்க்கிறது. ஒருவருடைய வயலைக் கல்மழை அழித்திருந்தாலும், கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்து விலையும் குறையாதிருந்தால் இத்திட்டத்தில் அவருக்கு ஒன்றும் கிடையாது. அவருடைய சொந்த இழப்பை ஈடுசெய்வது தனியே எடுக்கும் பயிர்க் காப்பீடு. ஆகவே இப்பணத்தை ‘இழப்பீடு’ என்பது பிழை, பட்ட இழப்புக்கேற்ப உழவர் பெறுகிறார் என்ற பொய்யான எண்ணத்தையும் அது தரும். ‘நிவாரணம்’ புயலுக்கும் வெள்ளத்துக்கும் உரியது.

பயிரை விட்டு நிலத்தோடு ஒட்டி நிற்பதால் பழைய மானியத்தின் சாயல் இதில் இருக்கிறது என்பது உண்மையே. எனினும் இது விடப்பட்ட வரியன்று, கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பணம். ‘உதவித்தொகை’ எனலாமென்றால், அது மாணவருக்கும் முதியோருக்கும் உரியதாகப் பழகிவிட்டது. ‘பயிர்த் துணைத்தொகை’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். இலத்தீன் மூலத்தின் துணைப்படைப் பொருளும் அதில் தங்குகிறது. உரத்தின் விலையைக் குறைக்க அரசு ஏற்கும் செலவுக்கு, ஊரறிந்த ‘உர மானியம்’ அப்படியே இருக்கலாம்.