இரவுக்கும் எறும்புக்கும் என்ன உறவு?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கவிதைப் போட்டிக்கு என் மகள் ‘இரவு முழுக்க எறும்பு நடந்தது’ என்று எழுதினாள். மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்றாராம் தமிழாசிரியை. ‘இ’ வேறு, ‘எ’ வேறு ஆயிற்றே?”

ஆசிரியை சொன்னது சரிதான். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை என்று பள்ளியில் படித்திருப்போம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’யில் ஆடி, தேடி எதுகை. (முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘பாட்டு’க்குக் ‘கட்டு’ ஆகாது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்பதால் அடுத்த எழுத்து காதுக்கு வந்துசேரும் நேரமே மாறிவிடுகிறது.) மோனைக்கோ அதே எழுத்து வேண்டுமென்பதில்லை, இன எழுத்து போதும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது.

இந்தப் பங்காளி வகையறா எதை வைத்து? வாயை வைத்துத்தான். ‘இ’ என்று இழுத்துக்கொண்டே மெல்ல ‘எ’வுக்கு வாருங்கள். நாக்கு முன்னாலேயே நிற்கும், தாடை மட்டும் கொஞ்சம் இறங்கும். இப்போது ‘இ’யிலிருந்து ‘உ’வுக்குப் போங்கள். நாக்கு பின்னுக்குப் போய், உதடு குவியும். குரல்வளை எழுப்பும் ஒலி எல்லா உயிருக்கும் ஒன்றுதான். தொண்டை முதல் உதடு வரையுள்ள காற்றறையின் வடிவம் அதில் சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கிறது. அவற்றில் முதலாவது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது, நாக்கு முன்னா பின்னா என்பதை. ஆண் குரலில் ‘இ’, ‘எ’ இரண்டுக்குமே இரண்டாவது அதிர்வெண் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். ‘உ’, ‘ஒ’ இரண்டுக்கும் அது 1000 வாக்கில் அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். ‘அ’ நடுவில்.

தொல்காப்பியரும் வாயைத்தான் பார்த்தார். அ, ஆ அங்காந்து பிறக்கும்; உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து பிறக்கும் என்றார். ஆனால் ‘ஐ’யை அவர் ‘இ’, ‘எ’யோடு சேர்க்கிறார், மோனை இலக்கணமோ ‘அ’வோடு சேர்க்கிறது. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: ‘ஐ’ அகரத்தில் கிளம்பி இகரத்தில் போய் நிற்கிறது. சேருமிடத்தைப் பார்த்தால் தொல்காப்பியர் சரி, புறப்படும் இடத்தைப் பார்த்தால் மோனைக்காரர்கள் சரி. மோனைக்குத் தொடக்கம்தானே முக்கியம்! ‘ஔ’வும் அப்படியே. யாப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

செட்டிநாட்டு வளவுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய ஆச்சிமார் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யவில்லை. காதே போதுமாயிருந்தது. பட்டியல் போட்ட புலவர்களோ அதோடு நிற்கவில்லை. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் அமுத எழுத்து, நச்செழுத்து என்றும் பிரித்து, நச்செழுத்தில் தொடங்கினால் பாட்டுடைத் தலைவனுக்குக் கேடு என்றன. எந்தக் கருவியிலும் அந்த நஞ்சு தெரியாது. இன்று பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் அதற்குப் பேரப்பிள்ளைகள்.

உயிரெழுத்துகளின் அந்த அதிர்வெண்களை அளந்து பார்க்க ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953-ல் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகமே வந்தது. ஒலியியலுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். கல்லூரித் தமிழ்த்துறைகளில் சத்தம் புகாத ஓர் அறையும் நல்ல மைக்கும் கிடைத்தால் போதும். இன்றைய வள்ளல்கள் அதையாவது கொடுக்கலாம்.

அப்புறம், மெய்களிலும் இனம் உண்டு: ச–த, ஞ–ந, ம–வ. ‘ம’வுக்கும் ‘வ’வுக்கும் உதட்டில்தான் வேலை, அதனால் ‘மனம் போல வாழ்வு’ மோனை. ஆனால் மெய்யோடு உயிரும் இனமாக இருக்க வேண்டும். ‘மனம் போல விதி’ என்றால் மோனை போச்சு. மகளை அடுத்து ஞ–ந முயலச் சொல்லுங்கள். ‘ஞாயிறு’க்கு ‘நாள்’ உடனே கிடைத்துவிடும், அதற்குமேல் அவள் பாடு.