முதலில் வெட்டப்படும் செலவு

செலவுக் கணக்காளராக நான் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் காணும் காட்சி ஒன்று உண்டு. ஆண்டு லாப இலக்குக்குச் சில லட்சங்கள் குறையும்போது, மூலப்பொருள், மின்சாரம், வட்டி ஆகியவற்றில் கைவைக்க முடியாத நிர்வாகம், பயிற்சியையும் ஆராய்ச்சியையும் சிவப்பு மையால் அடித்துவிடும்.

கணக்கு விதியே இதற்கு வழிவிடுகிறது. இயந்திரம் வாங்கினால் அது சொத்து. அதன் விலை தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரியும். பயிற்சிச் செலவோ, ஆராய்ச்சிக் கட்டச் செலவோ இண்ட் ஏஎஸ் 38 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலையின்படி அந்த ஆண்டின் லாபத்திலேயே முழுமையாகக் கழிந்துவிடும். ஆகவே அதை நிறுத்தினால் லாபம் உடனே உயரும். இழந்தது என்ன என்பது இருப்புநிலைக் குறிப்பில் எங்குமே தெரியாது.

நான் கணக்குப் பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், டை எனப்படும் உலோக அச்சுகளைச் செய்து பராமரிக்கும் டூல் ரூமில் ஓய்வுபெற்ற இருவரின் இடங்களை நிரப்பாமல், அப்ரண்டிஸ் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். அவ்வாண்டு லாபம் கூடியது. பிரஸ் விழும் சத்தத்தைக் கேட்டே டை மழுங்கியிருப்பதைச் சொல்லிவிடும் மூத்தவர் அடுத்து விடைபெற்றபோது, அவர் பக்கத்தில் நின்று கற்றவர் எவரும் இல்லை. ஒன்றரை ஆண்டுக்குள் ரிஜெக்‌ஷன் தொட்டிகள் பிசிறடித்த பாகங்களால் நிரம்பின. டை வேலை வெளியே போனது. அந்தப் பில்கள் 'பழுதுபார்ப்பு' என்ற வேறு தலைப்பில் ஏறியதால், பழைய சிக்கனத்தின் விலைதான் இது என்று எவரும் முடிச்சுப் போடவில்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் போயிங் இருக்கிறது. புது விமானம் வடிவமைக்காமல் பழைய 737-க்கே புது எஞ்சின் பொருத்த 2011-இல் முடிவெடுத்த அந்நிறுவனம், 2013 முதல் 2019 வரை தன் பங்குகளையே திரும்ப வாங்க 4,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. இதற்கிடையே 737 மேக்ஸ் விபத்துகள் இரண்டில் 346 பேர் இறந்தனர். பங்கு வாங்கியதுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல நான் பொறியாளன் அல்லன். பணம் எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் கணக்கு சொல்கிறது. விமான உடற்பகுதிகளைச் செய்யும், 2005-இல் விற்றுவிட்ட விச்சிட்டா (அமெரிக்க நகரம்) தொழிற்சாலைப் பிரிவை மீண்டும் வாங்க, 2024-இல் அதே நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

இப்போதெல்லாம் பட்ஜெட்டுடன் இன்னொரு தாளையும் கேட்கிறேன்: எந்த வேலை யாருக்குத் தெரியும், அவர் எப்போது ஓய்வு பெறுகிறார், அவரிடம் கற்பவர் யார். மேற்சொன்ன தொழிற்சாலையின் முதல் தாளில் 14 வேலைகள் இருந்தன. அவற்றில் ஆறுக்கு நேராக ஒரே ஒரு பெயர், கற்பவர் கட்டம் காலி.