பெரும்பாடுள்ள பெண்ணும் பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரையும்

பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "டாக்டர், ஈஸ்டர் அன்னைக்கு நற்கருணை எடுக்கணும். டேட் சரியா அன்னைக்குத்தான் வருது. தள்ளிப்போட ஒரு மாத்திரை எழுதித் தாங்க." கோயில் கொடைக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் மற்றவர்கள் கேட்பதுதான், புதிதல்ல. என் கவலை வேறு. மாத்திரைக்கு வந்த இடத்தில் நாலு கேள்வி கேட்டால்தான், பல மாதமாகக் கட்டி கட்டியாக ரத்தம் போவது வெளியே வரும். ஹீமோகுளோபின் பார்த்தால் 7, 8 என்று நிற்கும். 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஏன்மா இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றால், "தீட்டு விஷயம், வேதத்திலேயே அப்படித்தானே இருக்கு" என்பார்கள்.

இருக்கிறது. பைபிளின் பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 15-ஆம் அதிகாரம். மாதவிலக்கான பெண் ஏழு நாள் தீட்டு. அவளைத் தொட்டவரும், அவள் உட்கார்ந்த இடத்தைத் தொட்டவரும் சாயங்காலம்வரை தீட்டு. நாள் கடந்தும் போக்கு நிற்காவிட்டால் அத்தனை நாளும் அப்படியே. ஆனால் அதே அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தில், விந்து வெளிப்பட்ட ஆணும் குளித்துவிட்டுச் சாயங்காலம்வரை தீட்டுதான். அந்த வசனத்துக்குப் பயந்து ஒரு ஆண்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தயங்கி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று. அந்தச் சட்டத்தில் தீட்டு வேறு, பாவம் வேறு. பெற்ற தகப்பனை அடக்கம் பண்ணினாலும் ஏழு நாள் தீட்டு உண்டு. அது பாவமா, கடமை. பலியும், ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரமும், பிறகு ஆலயமும் இருந்த ஒரு சமூகத்தில், பரிசுத்த ஸ்தலத்தை யார் எப்போது நெருங்கலாம் என்று வகுத்த ஒழுங்கு அது. வழக்கமான மாதவிலக்குக்கு எந்தப் பலியும் கேட்கப்படவில்லை. பிரசவத்துக்குக் கேட்கப்பட்டது. ஆண் குழந்தை என்றால் 40 நாள், பெண் குழந்தை என்றால் 80 நாள் கழித்துத் தாய் பலி கொண்டுவர வேண்டும். அதில் பாவநிவாரண பலியும் சேர்ந்திருப்பதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு இவ்வளவு குழப்பம். இயேசுவின் தாய் மரியாள்கூட இந்த முறைப்படிதான் எருசலேமுக்குப் போனாள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத ஏழைகள் செலுத்தும் இரண்டு பறவைகள்தான் அவளுடைய காணிக்கை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் இன்றைக்கும் ஆண் பிள்ளைக்கு 40-ஆம் நாளும் பெண் பிள்ளைக்கு 80-ஆம் நாளும்தான் ஞானஸ்நானம்.

இப்போது மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பன்னிரண்டு வருடம் பெரும்பாடு, அதாவது நிற்காத ரத்தப்போக்கு, உள்ள பெண். வைத்தியர்களிடம் போய் மிகவும் பாடுபட்டு, கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தும் நோய் அதிகப்பட்டது என்று மாற்கு எழுதுகிறார். எங்கள் தொழிலுக்கு இது நல்ல குத்து. (வைத்தியர் என்று சொல்லப்படும் லூக்கா அதே கதையைச் சொல்லும்போது, நோய் அதிகப்பட்டது என்ற பகுதியை விட்டுவிடுகிறார்!) கர்ப்பப்பை நார்க்கட்டியா, வேறு எதுவுமா, தெரிய வழியில்லை. பன்னிரண்டு வருடப் போக்கென்றால் நிச்சயம் வெளுத்துப் போயிருப்பாள். சட்டப்படி கூட்டத்தில் அவளைத் தொட்டவர்களுக்கெல்லாம் தீட்டு. அப்படியிருந்தும் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். இயேசு தீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மகளே" என்கிறார். அடுத்து ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் வீட்டுக்குப் போய் செத்துக் கிடந்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார். பிணத்தைத் தொடுவதும் தீட்டுதான்.

சட்டம் முடிந்தது என்று அவர் அங்கே அறிவிக்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் திருச்சபை நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை போட்டது, அதுவும் இதே பெண்ணை வைத்து. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியு, அவளே வஸ்திரத்தின் ஓரத்தைத்தானே தொட்டாள், ஆகவே அந்த நாட்களில் பெண்கள் நற்கருணைப் பந்தியை நெருங்கக் கூடாது என்றார். அதே நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த டிடாஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல் நேரெதிர். ஏழு நாள் பரிசுத்த ஆவி உங்களை விட்டுப் போய்விடுகிறதா என்று கேட்டு, ஜெபத்தையும் நற்கருணையையும் நிறுத்தாதீர்கள் என்கிறது. 601-இல் போப் முதலாம் கிரகோரி, இங்கிலாந்தில் கான்டர்பரியின் பேராயராக இருந்த அகஸ்டினுக்கு அனுப்பிய பதிலை, பீட் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். நோயில் இருந்தவள் ஆண்டவரின் ஆடையைத் தொடலாம் என்றால், இயல்பான மாதவிலக்கில் இருப்பவள் ஏன் சபைக்குள் வரக் கூடாது என்பது அவர் வாதம். மரியாதை கருதி அவளே நற்கருணையைத் தவிர்த்தால் பாராட்டலாம் என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார். அந்த வால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன். அதே நூற்றாண்டு முடிவதற்குள் அதே கான்டர்பரிக்குப் பேராயராக வந்த தியோடரின் பெயரில் வழங்கும் விதிகள், மறுபடி கதவை அடைத்தன. 1549-இல் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் பிரசவமான பெண்ணுக்கு வைத்த சடங்கின் பெயர் 'சுத்திகரிப்பு'. மூன்றே வருடத்தில் அது 'நன்றி செலுத்துதல்' ஆனது.

ஆக, "வேதத்திலேயே இருக்கு" என்பது பாதிக் கதை. முழுக்கதையை உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். பல பேர் தயங்காமல் "வாங்கம்மா" என்றுதான் சொல்வார்கள், கேட்பதற்குத்தான் கூச்சம்.

சரி, என்னிடம் கேட்க வேண்டியது. தள்ளிப்போடும் மாத்திரை, நோரெத்திஸ்டிரோன், 5 மில்லிகிராம். பொதுவாக நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே தினம் மூன்று வேளை ஆரம்பிக்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள். காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு, ஈரல் நோய், மார்பகப் புற்று இருந்தவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பம் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். எப்போதாவது ஒரு தடவை சரி. மாதா மாதம் வரும் நற்கருணை ஆராதனைக்கெல்லாம் போட்டால் சுழற்சியே குழம்பிவிடும், உள்ளே இருக்கும் கோளாறும் மறைந்துகொள்ளும்.

ஒரு மணிக்கொருமுறை, இரண்டு மணிக்கொருமுறை பேட் மாற்ற வேண்டியிருந்தால், ஏழு நாளைத் தாண்டினால், பெரிய கட்டிகள் விழுந்தால், மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிரசவம் முடிந்தவர்களுக்கு, 40 நாள் ஓய்வு நல்லதுதான். ஆனால் அதற்குள் காய்ச்சல், துர்நாற்றம், திடீரென்று அதிகப் போக்கு வந்தால் நாள் எண்ணாமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடமானபின் மறுபடி லேசாகப் பட்டாலும் அதே வாரத்தில் காட்டுங்கள். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது, ஆனால் கர்ப்பப்பைப் புற்று இல்லை என்று பார்த்துவிட வேண்டும்.