பிர்கா: சொல் விளக்கம்

மார்க்கப் பேச்சில் வழிதவறிய கூட்டம் என்ற பொருளில் நாம் கேட்கும் பிர்கா என்பது அரபுச் சொல். பிளத்தல், பிரித்தல் என்பது வேர்ப்பொருள். குர்ஆனின் ‘ஃபுர்கான்’ என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழ்நாட்டு வருவாய்த்துறை சில கிராமங்களைச் சேர்த்துப் ‘பிர்கா’ என்பதும் இந்தச் சொல்லே. சொல்லில் இழிவு இல்லை. மார்க்கம் கற்க ஒவ்வொரு பிர்காவிலிருந்தும் சிலர் புறப்படட்டும் என்கிறது குர்ஆன் 9:122.

இழிவுப் பொருள் 73 கூட்டம் பற்றிய ஹதீஸோடு (நபிமொழியோடு) வந்தது. ‘என் உம்மத் (சமுதாயம்) 73 கூட்டங்களாகப் பிரியும், அவற்றில் ஒன்றே நரகத்திலிருந்து தப்பும்’ என்பது அதன் கருத்து. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் அது இல்லை. அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா தொகுப்புகளில் உண்டு. தப்பும் ஒரு கூட்டம் எது? திர்மிதீ அறிவிப்பில் ‘நானும் என் தோழர்களும் இருக்கும் வழி’, அபூதாவூதில் ‘ஜமாஅத்’ (ஒன்றுபட்ட சமூகம்).

எந்தக் கருத்து வேறுபாடு பிர்கா ஆகும் என்பதில்தான் நம்மூர்களில் குழப்பம். மார்க்கத்தின் அடிப்படை விதி ஒன்றில் பிரிந்தால்தான் பிர்கா, கிளைச் சட்டத்தில் மாறுபட்டால் அல்ல என்று வரையறுத்தார் இமாம் ஷாதிபீ (இறப்பு 1388). காரிஜிய்யா, முஃதஸிலா போன்ற பழைய பிரிவுகள் முதல் வகை. ஸுபஹ் (அதிகாலை) தொழுகையில் நின்றபடி ஓதும் குனூத் என்ற பிரார்த்தனை இரண்டாம் வகை. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ ஷாஃபிஈ மத்ஹபை (சட்ட மரபை) பின்பற்றித் தொழுகை நடத்தும் இமாம் இரண்டாம் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ருகூவிலிருந்து (குனிதலிலிருந்து) நிமிர்ந்து கையேந்திக் குனூத் ஓதுவார். மறந்துவிட்டால் தொழுகையை முடிக்கும் ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான சிரவணக்கம்) செய்வார். இன்னொரு மத்ஹபான ஹனஃபியைப் பின்பற்றுவோர் ஸுபஹில் ஓதுவதில்லை, வித்ர் என்ற இரவுத் தொழுகையில் ருகூவுக்கு முன் ஓதுவார்கள். இது மத்ஹப் வேறுபாடு. இதற்காக ஒருவரை ‘வழிகெட்ட கூட்டம்’ என்பது பெரிய அநியாயம்.

தமிழில் பிர்காவைக் ‘கூட்டம்’ என்றே பெயர்த்து வருகிறோம். அது போதாது, பள்ளியில் நடக்கும் நிர்வாகக் கூட்டமும் கூட்டம்தானே. இந்த இடத்தில் பிர்காவுக்குக் ‘கொள்கைப் பிரிவு’, மத்ஹபுக்குச் ‘சட்டநெறி’ என்று எழுதினால் இரண்டும் கலக்காது.

ஹதீஸைப் பெயர்க்கையில் ‘என் உம்மத்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. எழுபத்து மூன்றும் அந்தச் சொல்லுக்குள்தான் வருகின்றன. ஆகவே அப்பிரிவுகள் மார்க்கத்தை விட்டு வெளியேறியவை அல்ல என்பதற்கு இமாம் கத்தாபீ (இறப்பு 998) காட்டிய ஆதாரமே அந்தச் சொல்தான்.