“அவங்களா விரும்பித்தானே வந்தாங்க?” என்று கேட்கும் கம்பெனிகளுக்கு

போன வாரமும் அதே பதில்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஸ்பின்னிங் மில், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், கேட்டுக்கொண்டதால் தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் ஆடிட்டுக்குப் போயிருந்தோம். பதிவேடெல்லாம் பக்கா. வயதுச் சான்று இருக்கிறது, சம்பளம் பேங்கில் ஏறுகிறது, ஓவர்டைம் கணக்கில் பிசகே இல்லை. ஹாஸ்டல் வார்டனின் மேசை டிராயரைத் திறக்கச் சொன்னபோதுதான் ரப்பர் பேண்ட் போட்ட ஏ.டி.எம். கார்டுக் கட்டு ஒன்று வெளியே வந்தது. ஒவ்வொரு கார்டு உறையிலும் பெயர், பக்கத்திலேயே பின் நம்பர், நீல பால்பாயின்ட் பேனாவில். எல்லாம் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்பிள்ளைகளுடையவை. ஏன் இங்கே இருக்கின்றன என்று கேட்டால், “தொலைச்சிடுவாங்க, பாதுகாப்புக்குத்தான்” என்கிறார்கள். கொத்தடிமை என்று வாயெடுத்ததும் மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க யாரையும் கட்டியா வெச்சிருக்கோம்? அவங்களா விரும்பித்தானே வந்தாங்க?”

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வாதம் இது. சங்கிலி இல்லை, அடி உதை இல்லை, விரும்பி வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், ஆகவே அடிமைத்தனம் இல்லை என்கிறார்கள். படித்த மேனேஜர் சொல்கிறார், பையரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொல்கிறார், சில சமயம் என் தொழிலில் இருக்கும் ஆடிட்டர்களே சொல்கிறார்கள். தயவுசெய்து 1976-ல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை ஒரு தடவையாவது எடுத்துப் படியுங்கள். அதில் சங்கிலி எங்கேயும் இல்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தாலே போதும். விருப்பப்பட்ட இடத்துக்குப் போய்வர முடியாமல் போனாலும் சரி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியிருந்தாலும் சரி, அது கொத்தடிமைதான். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், எல்லாமே சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளர், வெளிமாநிலத் தொழிலாளர் என்று பெயர் மாற்றித் தப்பிக்கவும் முடியாது. 1985-ல் கொண்டுவந்த திருத்தம் அவர்களையும் உள்ளே சேர்த்துவிட்டது.

விருப்பம் என்ற பேச்சுக்கும் உச்ச நீதிமன்றம் 1982-லேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலை பற்றிய வழக்கு அது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்து, ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்க ஒப்புக்கொண்டால் அதுவும் கட்டாய உழைப்பே, அரசியலமைப்பின் 23-வது பிரிவுக்கு எதிரானதே என்று தீர்ப்பு வந்தது. வயிற்றுப்பாட்டுக்காகப் போட்ட கையெழுத்தை விருப்பம் என்று காட்டாதீர்கள்.

எப்படி வந்தார்கள் என்பதை விடுங்கள், இன்றைக்கே கிளம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான் கேட்பது அது ஒன்றைத்தான். “நாளைக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன் வருது, என்ன பண்ணுவே?” உண்மையிலேயே சுதந்திரமாக இருக்கிற பெண் யோசிக்கவே மாட்டாள், பஸ் ஏறிப் போவேன் என்பாள். மற்றவள் முதலில் வார்டனைப் பார்ப்பாள். அப்புறம் மெதுவாக வரும்: ரெண்டு மாதச் சம்பளம் நிற்கிறது, ஆதார் ஆபீஸில் இருக்கிறது, ஏஜென்ட் அப்பாவிடம் கொடுத்த பணம் இன்னும் கழியவில்லை. மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி ஆள் எடுத்த சுமங்கலித் திட்டத்தின் பெயர் இன்றைக்கு எந்த நோட்டீஸிலும் இருக்காது. ஆனால் பாதியில் போனால் பணம் கிடைக்காது என்ற பயம் போனஸ், டெபாசிட், “பிடித்தம்” என்று வேறு வேறு பெயர்களில் சம்பளப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

பையர் கம்பெனிகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 2015-ம் வருடத்து நவீன அடிமைத்தனச் சட்டப்படி, அங்கே தொழில் செய்து, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தோம் என்று அறிக்கை வெளியிட வேண்டும். நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அந்தச் சட்டத்துக்கு அது அறிக்கைதான். அதனால் வெப்சைட்டில் அறிக்கை இருக்கிறது என்று என்னிடம் நீட்டாதீர்கள். உங்கள் ஆடிட் தையல் யூனிட்டோடு நின்றுவிடுகிறது. நூல் எந்த மில்லில் ஓடியது என்று கேட்டால் பதில் இல்லை. விலையை அடிமட்டத்துக்கு இறக்கி, ஆர்டரைக் கடைசி நேரத்தில் மாற்றி, டெலிவரி தேதியை மட்டும் மாற்றாமல் வைத்தால், அந்த வேலை சத்தமில்லாமல் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஏதோ ஒரு ஜாப் ஒர்க் ஷெட்டுக்குப் போகும். அங்கே யார் வேலை பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். ஆள் பிடிக்கும் ஏஜென்டுக்கான கமிஷனைக் கம்பெனி கொடுக்க வேண்டும், தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், எழுதியதோடு விடாமல் சேர்ந்த பிறகு தொழிலாளியிடமே கேளுங்கள். மலேசியாவின் டாப் க்ளவ் கம்பெனியின் கையுறைகளை, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. தொழிலாளர்கள் ஏஜென்டுகளுக்குக் கட்டிய பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்து, மற்ற குறைகளையும் சரிசெய்த பிறகுதான் 2021-ல் தடை நீங்கியது. அசல் ஆதாரைப் பார்த்து, நகல் எடுத்து, அந்த நிமிடமே கையில் திருப்பிக் கொடுங்கள். ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர், போன் மூன்றும் அவர்களிடமே இருக்கட்டும். பாதுகாப்புதான் கவலை என்றால் ஆளுக்கொரு பூட்டு போட்ட லாக்கர் வாங்கிக் கொடுங்கள், சாவியையும் கொடுங்கள்.

பேட்டி எடுப்பதென்றால் மில் வளாகத்துக்கு வெளியே, சூப்பர்வைசர் இல்லாமல், அவரவர் மொழியில் எடுங்கள். ஒடியா பேசும் பெண்ணுக்கு அவளை வேலை வாங்கும் லைன் லீடரையே மொழிபெயர்க்க வைக்கிற ஆடிட்டுக்குச் செலவழிப்பது தண்டம். தேதி சொல்லிவிட்டுப் போனால் ஹாஸ்டலில் புதுப் பெட்ஷீட்தான் தெரியும். சம்பளப் பதிவேட்டுக்கு முன்னால் கேட் ரிஜிஸ்டரை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், கூட்டமாக, வார்டனோடு சேர்ந்து கடைக்குப் போய்வந்த பதிவுதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதென்றால் விஷயம் புரிந்துவிடும்.

புகார்ப் பெட்டியை நம்பாதீர்கள், அதன் சாவி எச்.ஆரிடம் இருக்கும். சங்கத்தை உள்ளே விடுங்கள். 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க வந்தது. அதில் தொழிற்சங்கம் இருந்தது, தொழிற்சாலை நிர்வாகம் இருந்தது, எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் தனியே கையெழுத்திட்டன. மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்று எழுதியிருந்ததால்தான் அதற்குப் பல் இருந்தது.

கடைசியாக ஒரு கெஞ்சல். கொத்தடிமை முறையைக் கண்டுபிடித்தால் முதல் போனை மில் ஓனருக்குப் போடாதீர்கள். விடிவதற்குள் பிள்ளைகளை வேனில் ஏற்றி ரயிலுக்கு அனுப்பிவிடுவார்கள், சம்பள பாக்கியும் போகும், சாட்சியும் போகும். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் அடியுங்கள். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அதிகாரி தரும் விடுதலைச் சான்று கையில் வந்தால்தான் அரசின் மறுவாழ்வு உதவிக்கு வழி பிறக்கும். முன்பணக் கடனைச் சட்டமே ரத்து செய்துவிட்டது, ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை என்று அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் ஏஜென்ட் அவர்கள் ஊர்க்காரர்தான், அடுத்த வாரம் வாசலில் வந்து நிற்பார். அந்த மில்லோடு உறவை உடனே வெட்டிக்கொண்டு நல்ல பெயர் வாங்கவும் பார்க்காதீர்கள். நிறுத்திவைத்த சம்பளம் அந்தப் பெண்களின் கணக்கில் ஏறும்வரை அங்கேயே நில்லுங்கள்.