கைப்பிடிக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. டெக்சாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டையின் பொதுப் பருவம் தொடங்கும். பத்து மாதமாக அலமாரியில் கிடந்ததை எல்லாம் அப்போதுதான் எடுப்பார்கள். போன வாரம் வந்தது ஒரு ஏஆர்-15. நம் ஊர்ப் பையன், ஐடி வேலை. "சேஃப்டி லூஸா ஆடுதுண்ணா. கிளிக் சத்தமே வரலை" என்றார். சேஃப்டி என்பது துப்பாக்கி தற்செயலாகச் சுடாமல் தடுக்கும் நெம்புகோல்.

ஏஆர் கைப்பிடிகள் பலவற்றில் சாமான் வைக்க உள்ளே ஒரு பொந்து உண்டு. அதன் அடிமூடியைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. திருப்புளியை விட்டு நெம்பியதும் உப்பு பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பொருபொருவென்று கொட்டியது. உள்ளே இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தது. கைப்பிடித் திருகு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் கழற்றினேன். சேஃப்டிக்கு அடியில் இருக்க வேண்டிய ஸ்பிரிங் மூன்று துண்டாக என் உள்ளங்கையில் விழுந்தது. துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரின் அடிப்பாகத்தில் அலுமினியம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருந்தது.

இந்த வருடத்தில் எனக்கு இது ஐந்தாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தம்பி சொன்னதையே ஐந்து பேரும் சொன்னார்கள். "வெறும் கைப்பிடிதானே, பிளாஸ்டிக்தானே. உள்ளே என்ன ஆனா துப்பாக்கிக்கு என்ன?" தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். ஏஆர் வகைத் துப்பாக்கியில் கைப்பிடி என்பது கை வைக்கும் கட்டை மட்டும் அல்ல. சேஃப்டி நெம்புகோலுக்குக் கீழே, ரிசீவருக்குள், கூர்முனை உள்ள ஒரு சின்ன ஊசி நிற்கிறது. அதை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் கீழ்ப்பாதி உட்கார்ந்திருப்பது உங்கள் 'வெறும் பிளாஸ்டிக்' கைப்பிடியின் மேல்விளிம்பில் உள்ள துளைக்குள். கைப்பிடித் திருகை இறுக்கினால்தான் ஸ்பிரிங் அழுந்தும். ஸ்பிரிங் அழுந்தினால்தான் ஊசி பள்ளத்தில் விழும். ஊசி விழுந்தால்தான் நெம்புகோல் 'சேஃப்' நிலையில் நிற்கும். திருகு தளர்ந்தாலும், ஸ்பிரிங் துருப்பிடித்தாலும், வளைந்தாலும், தோள்வாரில் தொங்கும் துப்பாக்கியின் நெம்புகோல் சட்டையில் உரசியே 'ஃபயர்' பக்கம் போய்விடும். கைப்பிடிக்குள் நடப்பது சேஃப்டியிலும் நடக்கும். கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் இதை என்னோடு வாதாடுவதில்லை, கழற்றாதவர்கள்தான் வாதாடுகிறார்கள்.

"புது பேட்டரிதான் அண்ணா, யூஸே பண்ணலை." இது அடுத்தது. அல்கலைன் பேட்டரி உபயோகிக்காமல் இருந்தாலும் கசியும். உள்ளே உள்ள துத்தநாகம் தானாகவே மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. அழுத்தம் ஏறி ஒரு நாள் சீல் விட்டுக்கொடுக்கும். டெக்சாஸ் வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் அந்த நாள் சீக்கிரமே வரும். வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இரும்பைவிட அலுமினியத்தை அது வேகமாகத் தின்னும், மேலே உள்ள கறுப்புப் பூச்சும் அதற்குத் தடை இல்லை. துப்பாக்கி கேஸில் ஒருக்களித்தோ தலைகீழாகவோ கிடந்தால், அது திருகுத் துளை வழியாக ஊர்ந்து மேலே போய்விடும். குறிபார்க்கும் கருவிக்கு உபரி பேட்டரி வேண்டும் என்றால் லித்தியம் வாங்குங்கள். சிஆர்123ஏ, சிஆர்2032 இரண்டையும் பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். ஆனால் அதையும் ஆலன் கீ, திருகுகளோடு சேர்த்துக் கொட்டி வைக்காதீர்கள். இரண்டு முனையையும் ஓர் இரும்புத் துண்டு தொட்டால் போதும், கொதித்துவிடும். அதற்கென்றே அச்சாக வார்த்த உள்கூடுகள் சில கைப்பிடிகளுக்குக் கிடைக்கின்றன, வாங்கிப் போடுங்கள்.

சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வில்லை குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் சதை வெந்துபோகும். இதனால்தான் அமெரிக்காவில் 2022-ல் ரீஸ் சட்டம் வந்தது. இந்த வில்லை போடும் பொருள்களின் மூடி, சின்னக் குழந்தை கையால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது. துப்பாக்கிக் கைப்பிடியின் ரப்பர் மூடியோ நகத்தால் நெம்பினாலே வந்துவிடும்.

சரி, அந்தப் பொந்து எதற்குத்தான் இருக்கிறது? கல்லூரியில் என்சிசியில் இருந்தவர்களுக்கு .303 ரைஃபிள் நினைவிருக்கும். பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு. விரலால் அழுத்தித் திறந்தால் உள்ளே புல் த்ரூ கயிறும் எண்ணெய்ப் புட்டியும் இருக்கும். கயிற்றின் கண்ணியில் சிந்தித் துணியைக் கோத்து பேரல் வழியே இழுத்த எண்ணெய் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அமெரிக்கர்களின் எம்1 காரண்டிலும் அதே ஏற்பாடுதான், பின்தகட்டுக் கதவுக்குள் எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் கருவியும். ஏகே துப்பாக்கியின் பின்கட்டையில் ஸ்பிரிங் வைத்து ஓர் உருளை டப்பாவை அடக்கியிருப்பார்கள். டப்பாவுக்குள் பிரஷ்ஷும் திருப்புளியும் இருக்கும், டப்பாவே துடைக்கும் கம்பிக்குக் கைப்பிடியாகவும் ஆகும். அந்த வேலைப்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எம்16 கதை மாறுபட்டது. வியட்நாமில் முதலில் கொடுத்தபோது போதுமான துடைக்கும் கருவிகள் கொடுக்கவில்லை. துப்பாக்கி சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்டு பையன்கள் செத்தார்கள். தோட்டா மருந்தை மாற்றியது, தோட்டா உட்காரும் சேம்பருக்கு குரோம் பூசாதது என்று வேறு காரணங்களும் உண்டு. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பிறகு வந்த பின்கட்டைகளில் துடைக்கும் கருவி வைக்க ஒரு கதவு வந்தது.

இவை எல்லாவற்றிலும் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது எழுதிவைத்த விஷயம். ஹவில்தார் திறந்து பார்ப்பார், இல்லையென்றால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். நம் துப்பாக்கியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாங்கிய வாரம் ஆசையாக எதையோ வைக்கிறோம், மூடுகிறோம், மறக்கிறோம். வலிமாத்திரை, மடித்த நூறு டாலர் நோட்டு, தீக்குச்சி, மீன் தூண்டில் முள் எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். கேட்டால் உரிமையாளரே "இதை நானா வைத்தேன்?" என்கிறார். மறந்துபோனாலும் கேடு செய்யாத பொருளா என்று மட்டும் வைக்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டா அப்படிப்பட்ட பொருள் இல்லை. "ஆத்திர அவசரத்துக்கு மூணு ரவுண்டு உள்ளே வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அவசரத்தில் மூடியை நெம்பி, எண்ணெய் பிசுபிசுக்கும் ரவுண்டை ஒவ்வொன்றாக மேகசினில் ஏற்றப் போகிறீர்களா? என் பட்டறையில் ரவுண்டு உள்ளே வரக் கூடாது என்பது விதி. "காலி" என்று சொல்லித் தருவார்கள், சேம்பரும் காலியாகத்தான் இருக்கும். லாக்டைட் பசை போட்ட திருகு இளக நான் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடிப்பேன். ஒருமுறை அதற்கு முன் தற்செயலாக மூடியைத் திறந்தேன், மூன்று ரவுண்டு மேசையில் உருண்டது. அன்றிலிருந்து யார் தந்தாலும் முதலில் மூடியைத் திறக்கிறேன். வீட்டில் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, அப்புறம்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

விமானத்தில் செக்-இன் பெட்டியில் துப்பாக்கி கொண்டுபோக வேண்டுமானால் அது காலியாக, கடினமான பெட்டிக்குள், பூட்டி, கவுண்டரில் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும். தோட்டா அதற்கென்று செய்த டப்பாவில் இருக்க வேண்டும். கைப்பிடிப் பொந்து அந்த டப்பா ஆகாது. நம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கைப்பிடியிலிருந்து எடுத்த ரவுண்டை, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகும் பையின் பக்கப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, டிசம்பரில் அதே பையில் ஊருக்குத் துணி அடுக்குகிறார்கள். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு ரவுண்டு இருந்தாலும் இந்தியாவின் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். அறிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது, உண்மை. ஆனால் அந்த வாதத்தை வழக்குப் பதிந்து, வக்கீல் வைத்து, திரும்பும் விமானத்தை விட்ட பிறகுதான் சொல்ல முடியும். ரேஞ்சுக்கு ஒரு பை, ஊருக்கு வேறு பை. கஞ்சத்தனம் வேண்டாம்.

நான் என் துப்பாக்கியில் வைத்திருப்பது: தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் உபரியாக ஒன்று, அதைப் பிடிக்கும் காட்டர் பின், காதில் அடைக்கும் நுரைத் தக்கை ஒரு ஜோடி. தக்கை இருந்தால் எதுவும் ஆடாது, மான் காதுக்குச் சத்தமும் போகாது. எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால் சின்னப் புட்டியை ஜிப் பைக்குள் போட்டு வையுங்கள். என்ன வைத்தேன், எந்தத் தேதி என்று ஒட்டுத்தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். நவம்பரில் கடிகாரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமை புகை அலாரத்துக்கு பேட்டரி மாற்றுவீர்கள் அல்லவா, அன்றே இதையும் திறந்து பாருங்கள்.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத ஒன்று. கிளாக் பிஸ்டலின் பிடியில், மேகசின் நுழையும் வழிக்குப் பின்னால், ஒரு பொந்து உண்டு. ஒருவர் துப்பாக்கியைப் பூட்டும் கேபிள் பூட்டின் சாவியை அதற்குள் வைத்து அடைப்பான் போட்டிருந்தார். "பூட்டும் சாவியும் சேர்ந்தே இருக்கும், தொலையவே தொலையாது" என்று எனக்குக் காட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும். "பென்சிலால நெம்பினா வந்துடும்ப்பா" என்றான். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

2020-லிருந்து இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். டெக்சாஸில் 17 வயது நிறையாத பிள்ளை தோட்டா நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி விட்டிருந்தால் வழக்கு உங்கள் மேல்தான், தண்டனைச் சட்டம் 46.13. சாவியை உங்கள் கார்ச் சாவிக் கொத்தோடு மாட்டுங்கள், இல்லையென்றால் எண் பூட்டுக்கு மாறுங்கள். கேபிள் பூட்டே இல்லை என்பவர்கள் அருகில் உள்ள காவல் நிலையத்தில் கேளுங்கள், பல ஊர்களில் இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் பட்டறையிலும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, பழுது பார்க்க எதுவும் இல்லாவிட்டாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.